ஆறு மணி நேரம் முப்பத்தாறு நிமிடம்

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை
பதினொன்று பன்னிரண்டுக்கு வந்திறங்குவாள் ஆரபி.
ஐந்து நாற்பத்தெட்டுக்குத் திருப்பி ஏற்ற வேண்டும்.
நாளைக் கொடுத்தது நீதிமன்றம்,
நிமிடங்களைக் கொடுத்தது ரயில்வே.

வெள்ளி இரவு வேலை முடிந்து
ஷிப்ட் தாளைத் திருப்பிப் போட்டு
வூப்பர்டாலை அதில் எழுதினேன்:
யானை. படிக்கட்டு. வாஃபிள். பென்குவின்.
வெயில் அடித்தால் பூங்கா என்று எழுதி
எனக்கே சிரிப்பு வர, வெட்டிவிட்டேன்.
இந்த ஊரில் பிள்ளைகள் குடையோடு பிறக்கின்றன என்பார்கள்.
ஒன்பது வருடத்தில் நான் தொலைத்த குடை பதினாலு.

இறங்கினாள்.
போன மாதத்தைவிட ஒரு விரல் உயரம்.
காதில் வெள்ளைக் குமிழ்.
பசிக்குதோ? இல்லை.
குளிருதோ? இல்லை.
பள்ளிக்கூடம்? ஓகே.

ஊரெல்லாம் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓட
இங்கே மட்டும் கீழே தொங்கிக்கொண்டு ஓடுகிறது,
ஒரு வௌவால் குடும்பம் வேலைக்குப் போவதுபோல.
கீழே வூப்பர் ஆறு, முழங்காலளவு, பழுப்பு நிறம்.
இந்த இடத்தில்தான், என்றேன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில்
விளம்பரத்துக்காக சர்க்கஸ்காரர்
ஒரு குட்டி யானையை ரயிலில் ஏற்றினார்கள்.
அது மிரண்டு, சுவரை உடைத்து
ஆற்றில் குதித்தது.
சாகவில்லை. சிராய்ப்புத்தான்.

ஒரு காதுக் குமிழைக் கழற்றினாள்.
"ஏறுறியா எண்டு ஆராவது அதைக் கேட்டவையோ?"

தாளில் அதற்குப் பதில் இல்லை.
படிக்கட்டுக்குப் போவோம் என்றேன்.

டிப்பன் டப்பன் டோன்ஷன் என்று அதற்குப் பெயர்.
மரச்செருப்புச் சத்தமாம்.
வந்த புதிதில் எனக்கு அது டிபன் என்றே கேட்டது;
மேலே இட்லிக்கடை இருக்கும் என்று நம்பி ஏறியவன் நான்.
சொன்னேன். சிரிக்கவில்லை.
எண்ணிக்கொண்டே ஏறி நாற்பதில் தவறினாள்,
திரும்பக் கீழே இறங்கி முதலிலிருந்து எண்ணினாள்.
மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பென்குவினுக்கு நேரம் போய்விட்டது.

வாஃபிள் வந்தது, இதய வடிவில் ஐந்து துண்டு,
மேலே சூடான செர்ரி, அதற்கு மேல் கிரீம்,
பக்கத்தில் கறுவாத்தூள் தூவிய பால்சோறு.
"சோத்தை ஏன் கேக்கோட வைக்கினம்?"
என்றபடி என் பங்கையும் முடித்தாள்.
காப்பிக்கு மூன்று கால் ஈயக்கூசா, அடியில் ஒரு குழாய்.
தூள் அடைத்துச் சொட்டுச் சொட்டாக விழ
ஒரு கோப்பை நிரம்ப ஒன்பது நிமிடம்.
அவள்தான் கணக்குப் பார்த்தாள்.
நான் இன்னொரு கோப்பை கேட்டேன்.

நேரம் கொஞ்சம் மிஞ்சியது.
ஃபோவிங்கல் வரைக்கும் சும்மா போய்வந்தோம்.
அங்கே ரயில் ஆற்றை விட்டுத் தெருவுக்குள் நுழையும்,
இரண்டாம் மாடி வீடுகளின் நடுவே.
ஒரு ஜன்னலில்
உள்பனியனோடு ஒரு மனிதர்
சட்டை அயன் பண்ணிக்கொண்டு நின்றார்.
எங்களைக் கண்டதும் அயன் பெட்டியை உயர்த்தி
மரியாதையாகத் தலை குனிந்தார்.
ஆரபி சீட்டிலிருந்து சரிந்து சிரித்தாள்,
விக்கல் வந்து, அதற்கும் சிரித்து,
என் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.
ஒரு ஸ்டேஷன் தூரம் விடவில்லை.

ஐந்து நாற்பத்தெட்டு.
கதவு மூடுவதற்குள் சொன்னாள்:
"அடுத்த முறை லிஸ்ட் எழுதாதேங்கோ.
அந்த ஆள் சட்டையை முடிச்சிட்டாரோ எண்டு
பாக்க வேணும்."

என் வீடு எதிர்த்திசையில்.
நான் ஃபோவிங்கலுக்கு டிக்கெட் எடுத்தேன்.
ஜன்னலில் விளக்கு இல்லை.
அயன் மேசை மட்டும் மடிக்காமல் நின்றது,
அதன் மேல் ஒரு பூனை.

இதை அவளுக்கு இப்போதே எழுதி அனுப்பலாமா,
அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கலாமா என்று
கடைசி ஸ்டேஷன் வரை போய்
அதே ரயிலில் திரும்பினேன்.